இரைச்சல் நீக்கிய பாட்டு

ஜூலை 3

பலநாள் ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி பாட்டு கேட்பதென்றால் கேசட்டில்தான். பர் துபாயில் ஒரு பழைய டேப்ரிக்கார்டர் வாங்கி, முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு அஜ்மான் கொண்டுவந்தேன்.

கூட வேலை பார்க்கும் மணிமாறன், "எதுக்கு அண்ணாச்சி? போன்லயே எல்லாம் வருதே" என்றான். டிஜிட்டல் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, நாடாவில் அது முழுசாக ஓடுகிறது, அதனால்தான் அதில் ஒரு வெதுவெதுப்பு என்று விளக்கினேன்.

"வெதுவெதுப்புதான் வேணும்னா வெளிய போய் நில்லுங்க. நாப்பத்தேழு டிகிரி."

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேசட். அதை அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை 5

கேட்டேன். 2002இல் முட்டத்திலிருந்து என் மனைவி சுகிர்தராணி, லீவு முடிந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. அப்போது கடிதத்துக்குப் பதில் கேசட். முதலில் அவளே பாடிய மாதா கோயில் பாட்டு, பிறகு பேச்சு. மறுவருஷம் இறந்துபோனாள். எங்கள் மகள் ஜினிக்கு அப்போது நாலு வயது. அம்மா குரல் அவளுக்கு நினைவில்லை.

"ஜினிக்க அப்பா, கேக்குதா?" என்று தொடங்குகிறாள். குக்கர் விசில். அதன்பின் பாதி இரைச்சலில் மூழ்கிவிடுகிறது.

ஜினி திரும்பத் திரும்பப் போட்டாள். "என்னைப் பத்தி ஏதோ சொல்றாங்கப்பா. வாட் இஸ் இட்?"

அன்று கேட்டுச் சிரித்தது ஞாபகம். கேட்டது ஞாபகமில்லை.

"டிஜிட்டலாக்கினா இந்த ஹிஸ் சத்தத்தை எடுத்துடலாம்பா."

கொள்கையா, மகளா? கொள்கை இரண்டு நாள் தாங்கியது.

ஜூலை 11

டிஜிட்டலாக்கக் கேசட்டைக் கொடுத்திருந்த பதிவுக்கடை சுஐபு ஃபைலை அனுப்பிவிட்டார். பாட்டு மட்டும் இருக்கிறது. போன் செய்தேன்.

"சிடி மாதிரி இருக்குல்லண்ணே? பின்னாடி யாரோ பேச்சு, குக்கர் சத்தம் வேற. வெட்டிட்டேன்."

"வெட்டாதது?"

"கலாஸ்ணே. அழிச்சாச்சு."

டிஜிட்டலில் ஒரு நொடியை நாற்பத்து நாலாயிரம் துண்டாக்கினாலும் காதுக்குத் தெரியாதாம். தெரிந்தது.

பரவாயில்லை. நாடா இருக்கிறது.

ஜூலை 18

சுஐபு கடையில் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அப்படியே சார்ஜாவில் பூசைக்குப் போனேன். கேசட் காரில், முன்கண்ணாடிக்குக் கீழே. இத்தனை வருஷம் இங்கே கார் ஓட்டுகிறவன், ஒரு பேனாகூட அங்கே வைக்கமாட்டேன்.

அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது.

கையோட கொண்டு போயிருக்கலாம்லா. சட்டைப்பையில கொள்ளும்லா. கோயில்ல ஆரு என்னத்த கேக்கப் போறா?

ஜூலை 19

நாடாவை வேறொரு காலி கேசட் கூட்டுக்கு மாற்றப் பார்த்தேன். சுருளோடு சுருள் ஒட்டிக் கிடந்தது. இழுத்தேன். அறுந்தது. மறுபடியும் இழுத்தேன் — ஏன் இழுத்தேன்?

"இட்ஸ் ஓகேப்பா" என்றாள் ஜினி. தமிழில் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜூலை 24

ஜினி அந்தப் பாட்டை வாட்ஸ்அப்பில் முட்டத்துக்கு, சுகிர்தராணியின் அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். பதில் வந்தது.

"நல்லா இருக்கு மக்களே. பாடுதது ஆரு?"