ஃபிரிட்ஜின் முதுகுச் சூடு

காக்ஸ் டவுனில் மழை விட்டபாடில்லை. இப்போதுதான் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காயப்போட்டிருந்த சாக்ஸை எடுத்தேன். அந்த வெதுவெதுப்பான வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம்தான் வந்தது. இப்படியா பாதியில் விட்டுவிட்டுச் செத்துப்போவாய்?

அங்கே துணி காயவைக்கலாம் என்று எனக்குக் காட்டியவளே நீதான். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரி. ஞாயிறானால் உன் அறையில் நட்சத்திரம் தேடும் கூட்டாளி. சர்ச்சில் பூசை முடிந்து நான் நனைந்து வந்த ஒரு நாள், ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வேற்றுக்கிரகத்தார் யாரோ தகடுகள் கட்டி அதன் ஒளி முழுவதையும் கறந்துகொண்டிருந்தால் நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் சாக்ஸைப் பிடுங்கி உன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மாட்டினாய்.

"உள்ள எவ்ளோ சில்லுனு வெச்சாலும் பின்னாடி சூடு வந்துதானே ஆவணும்? அந்த நட்சத்திரத்துலயும் அப்படித்தான், அதத்தான் தேடறோம்."

தங்கவயல் சுரங்கத்தின் வெக்கையை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நீ. சூடு உனக்கு வெறும் கதையில்லை. தொலைநோக்கிகள் பொதுவில் விட்ட படங்களில், ஒளி குறைந்து சூடு மிகுந்த நட்சத்திரங்களைச் சலித்துக்கொண்டே இருந்தோம்.

ஒருமுறை கிடைத்தேவிட்டது என்று துள்ளினோம். பிரேசர் டவுனில் கேக் வாங்கி, கோயில் வாசலில் எல்லோருக்கும் கொடுத்தேன். மறுவாரமே குட்டு உடைந்தது: சூடு அந்த நட்சத்திரத்துடையது அல்ல, அதற்கு நேர் பின்னால், வெகுதொலைவில் இருந்த தூசி மண்டிய வேறொரு விண்மீன் கூட்டத்துடையது. கேக் தின்ற வாய்களெல்லாம் சிரித்தன. எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. நீயோ மிச்சக் கேக்கைத் தின்றபடி, "தப்புன்னு கண்டுபிடிச்சதும் நாமதானே, அவங்களா?" என்றாய்.

போன வாரம் உன் தம்பி வந்தான். நல்ல பிள்ளைதான். ஒன்றும் கிடைக்காத தேடல்தானே என்று என்னிடம் சொல்லி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு உன் கம்ப்யூட்டரைத் தன் குழந்தைகளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னான். முடியாது என்றேன். அவன் திகைத்தான். என்னுடைய புது லேப்டாப்பை அவன் கையில் திணித்துவிட்டு, உன்னுடைய பழைய கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

கோயிலில் இன்னும் கேட்கிறார்கள், வேற்றுக்கிரகக்காரன் வந்தானா என்று. இல்லை என்று தலைநிமிர்ந்துதான் சொல்கிறேன்.

நீ இல்லாமல் இருப்பது தாங்கவில்லை, அதற்காக நிறுத்தமாட்டேன். இன்று பார்த்ததும் வெறும் தூசிதான். சூடு ஆறாத சாக்ஸை மாட்டிக்கொண்டு, அடுத்த படத்தைத் திறந்துவிட்டேன்.