பேர்ச்மவுண்ட் தெற்கின் கடைசி வோட்டு

24 மார்ச் 2025, திங்கள்

காலை ஷிப்ட். விமானத்துச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி அடுக்கி முதுகு முறிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, ரொறன்ரோவிலிருந்து தம்பி றொனால்ட் கூப்பிட்டான்.

"அக்கா, எலெக்சன் அறிவிச்சிட்டாங்கள். இந்தமுறை நான் நிக்கிறன்."

"ஐயோ மாதாவே!" என்று கத்தினேன். இவர் குளியலறையிலிருந்து துவாயோடு ஓடிவந்தார். யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தாராம்.

இருபத்தைந்து வருடமாக தேர்தலில் நிற்கும் மற்றவர்களின் பெயர்ப்பலகைகளை, சைன்களை, வீட்டு வாசல்களில் நட்டுத் திரிந்த பொடியன். இனி அவன் பெயரிலேயே சைன்!

26 மார்ச்

பஸ்ஸில் முழுக்க அதே நினைப்பு. இரண்டாயிரமாம் ஆண்டு, நவம்பர் மாதம், பேர்ச்மவுண்ட் தெற்குத் தொகுதி. அவன் வீடு வீடாகச் சைன் நட, நான் சுத்தியலும் கையுமாகப் பின்னால் போனேன். மூக்கு விறைத்துப்போயிற்று. என் வாழ்க்கையின் முதல் வோட்டும் அங்கேதான். ஊரில் வோட்டுப் போடும் வயதில் நான் மடு மாதா கோயிலில் அகதியாக இருந்தேன். எனக்கு ஏது வோட்டு?

2004இல் கலியாணம் கட்டி, கனடாவை விட்டு இங்கே ஹவுன்ஸ்லோவுக்கு வந்தேன். கனடா வோட்டை மட்டும் விடவில்லை. சட்டம் விட்டபோதெல்லாம், அங்கே கடைசியாக இருந்த விலாசத்தின் தொகுதிக்குத் தபாலில் போடுகிறேன்.

போன வருடம் எல்லைகளை மாற்றியபோது பேர்ச்மவுண்ட் தெற்கே இல்லாமல் போய்விட்டது. இரண்டாக வெட்டிப் பக்கத்துத் தொகுதிகளோடு ஒட்டிவிட்டார்கள். அதில் ஒன்றில்தான் இப்போது அவன் நிற்கிறான். "எங்கட தொகுதி செத்துப்போச்சு அக்கா" என்று செத்தவீட்டுக் குரலில் சொன்னான் றொனால்ட். தொகுதிக்கு வைத்த பிரியாவிடை விருந்துக்கென்று நாலு பக்கத்தில் அதன் சரித்திரம் எழுதி எனக்கும் அனுப்பினான். தேர்தல் தேர்தலாக, யார் வென்றது, யார் வேலை செய்தது எல்லாம். அதில் ஒரு வரி: "2000: சுத்தியல் - மேரிசாந்தி அக்கா."

ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். சரித்திரத்தில் எனக்குச் சுத்தியல்தான் கிடைத்தது என்று இவருக்கு நக்கல்.

4 ஏப்ரல், வெள்ளி

வாக்குச்சீட்டு வந்தது! வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வெறும் சீட்டுத்தான். வேட்பாளரின் பெயரை நாங்களே பேனையால் எழுத வேண்டும். குசினி மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் தம்பியின் பெயரை, நான் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவனின் பெயரை, வாக்குச்சீட்டில் எழுதினேன். கண் கலங்கினால் மை ஊறிவிடும் என்று தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். உறையை ஒட்டிக் கையோடு தபால் கந்தோருக்கு ஓடினேன். அடுப்பில் வைத்த மீன் கருகிப்போயிற்று. போகட்டும்.

12 ஏப்ரல், சனி

றொனால்ட் கேட்டான்: "அக்கா, உங்கட பழைய விலாசம் இப்ப எந்தத் தொகுதிக்க வருதெண்டு பாத்தனீங்களோ?"

"ஓம் ஓம், பாத்தனான்."

பொய். பார்க்கவே இல்லை. போனை வைத்ததும் மகள் ஷெறோனைக் கொண்டு தேடினேன்.

"அம்மா, திஸ் இஸ் நாட் மாமாஸ் ரைடிங்."

ரைடிங் என்றால் அங்கே தொகுதி. புது எல்லை எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஓடும் பெரிய றோட்டின் நடுவால் போகிறதாம். அவன் வீடு ஒரு பக்கம், எனது பழைய அப்பாட்மென்ட் எதிர்ப்பக்கம். பல்கனியில் நின்று கூப்பிட்டால் அவனுக்குக் கேட்கும் - அது வேறு தொகுதி என்று யாருக்குத் தெரியும்? சீட்டோடு வந்த கடிதத்தில் தொகுதியின் பெயர் போட்டே இருந்தது. நான் வாசித்தால்தானே! என் தொகுதியில் நிற்கிறவர்கள் வேறு ஆட்கள். நான் எழுதிய பெயர் செல்லாது. திருப்பி எடுக்கவும் ஏலாது.

விசரி. சுத்த விசரி.

13 ஏப்ரல்

குருத்தோலை ஞாயிறு. பூசையில் மனம் நிற்கவில்லை.

20 ஏப்ரல்

உயிர்ப்பு ஞாயிறு. வாழ்த்துச் சொல்ல றொனால்ட் கூப்பிட்டான். பிரசாரத்தில் கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிற்று, ஆனாலும் பேச்சில் ஒரே சந்தோசம். "அக்கா, உங்கட வோட்டுத்தான் எனக்கு முதல் வோட்டு. எல்லாருக்கும் சொல்லித் திரியிறன்." தேர்தல் முடியட்டும், பிறகு சொல்லுவோம்.

29 ஏப்ரல்

தோற்றுவிட்டான். முந்நூற்றுச் சொச்சம் வோட்டு வித்தியாசம். போனை நிறுத்தி வைத்திருக்கிறான்.

2 மே

இன்றும் போன் வேலைசெய்யவில்லை. அவன் மனைவி பியற்றிஸின் போனுக்கு எடுத்தேன். "மச்சாள், மூண்டு நாளாச் சாப்பாடு இல்லை. கராஜுக்க சைன்களோட இருக்கிறார். ஒருத்தரோடயும் கதைக்கிறாரில்லை" என்று அழுதாள். போனைக் கொண்டுபோய் அவன் காதில் வைக்கச் சொன்னேன்.

ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"தம்பி, நான் உனக்குப் போட்ட வோட்டுச் செல்லாது. நான் இருந்த பக்கம் மற்றத் தொகுதியாம். பாத்தனானெண்டு உனக்குப் பொய் சொன்னனான்."

ஏசப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா... அப்ப நான் நிக்காத தொகுதியிலயும் எனக்கு ஒரு வோட்டோ?"

சிரிக்கத் தொடங்கினான். கராஜ் முழுக்க எதிரொலித்தது. பியற்றிஸ் "என்னப்பா, என்ன?" என்று பதறுகிறாள். சிரித்துச் சிரித்து, பேந்து அழுதான். நானும் அழுதேன். கடைசியில் "பசிக்குது" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும்.

11 மே, ஞாயிறு

றொனால்ட் சரித்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஷெறோன் பிரிண்ட் எடுத்துத் தந்தாள். சுத்தியல் வரிக்குக் கீழே ஒட்டினேன்.

"2025: தொகுதி இல்லை. பதிவான வோட்டு ஒன்று. போட்டவர் - மேரிசாந்தி அக்கா, ஹவுன்ஸ்லோ."

செல்லாது என்று அவன் எழுதவில்லை.