கழித்துவிட்ட வானம்

இன்று காலை எழுந்ததும் முதலில் ஜன்னல் விளிம்பைத் துடைத்தேன். நேற்றைய ஆந்திப் புழுதிக்காற்றில் டெல்லி ஆர்.கே.புரம் முழுக்க மஞ்சள் தூசி. ஈரத்துணியிலிருந்து மண்வாசனை எழுந்தபோது உன் குரல் கேட்டது: "ஏட்டி, எல்லாத்தையும் துடைச்சிராத. அடுத்த பூமி செய்யக் கொஞ்சம் வேணும்லா."

நீ போய் ஒரு கோடை கடந்துவிட்டது.

எம்.எஸ்ஸி.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு நான் கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன். நீ ஆராய்ச்சிக்குப் போனாய். சூரியனைப் போன்ற நட்சத்திரம் முதுமையில் தன் மேலுறையை ஊதித் தள்ளுகிறது. அந்த ஒளிரும் வாயுவைத்தான் கோள்வடிவ நெபுலா என்கிறோம். உனக்கு ஆசையெல்லாம் அதைச் சுற்றிக் குளிர்ந்து கிடக்கும், என்றோ புதிய பூமிகளாகக்கூடிய தூசியின் மேல்.

"கண்ணுக்கே தெரியாததை எப்படிடி பார்ப்பே?" என்று உன் சமையலறையில் கேட்டேன். தோசைக்கல்லை இறக்கி என் முன் வைத்தாய்.

"இது சுடுதா, இல்லையா? கண்ணால பாத்துச் சொல்லு."

சொல்ல முடியவில்லை. கையை அருகே கொண்டுபோனதும் தெரிந்தது.

"அவ்வளவுதாம்ட்டி. அந்தத் தூசிலயும் துளி சூடு இருக்கும். அதுக்குப் பெரிய கை வேணும்."

பெரிய பலூன் ஒன்றில் தொலைநோக்கியை ஏற்றி நீயும் உன் குழுவும் அந்தச் சூட்டை அளந்தீர்கள். வானத்துக்கும் கருவிக்கும் சொந்தச் சூடு உண்டு என்பதால், நெபுலாவுக்குப் பக்கத்து வெற்று வானத்தையும் அளந்து கழிப்பது வழக்கம். கழித்ததில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. தூசி இல்லை என்று முடிவாயிற்று.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்து உலுக்கினாய். "பக்கத்து வானம் வெறுமைன்னு யாரு சொன்னா? தூசி அவ்வளவு தூரம் பரந்திருந்தா, நாங்க கழிச்சதும் தூசிதானட்டி!"

கண்டக்டர், "பஹன்ஜி, ஜல்தி!" என்று கத்தினார். பஸ் போய்விட்டது. நீ சிரித்துக்கொண்டே இருந்தாய்.

அடுத்த பலூன் ஏறுவதற்குள் நோய் உன்னைக் கொண்டுபோயிற்று. பட்டியலில் உன் நெபுலாவின் பெயருக்கு நேரே 'தூசி இல்லை' என்றுதான் இன்னமும் இருக்கிறது.

இப்போது துணைக்கோள் ஒன்று வானம் முழுவதையும், சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்திருக்கிறது. அந்தப் படங்கள் டெல்லிக்கே வந்துவிட்டன. கல்லூரியில் என்னைத் துறைத்தலைவராக்கப் போகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கோ வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தூசி எங்கே முடிகிறது என்று மனம் போய்விடுகிறது. இந்த அரிப்பு உன்னிடமிருந்து ஒட்டியது.

அந்தப் பதவியை நான் ஏற்கப் போவதில்லை. ஒரு வருஷம் விடுப்புக் கேட்டு, அந்தப் படங்களில் உன் நெபுலாவை எடுத்து, வெகுதூரம் தள்ளியிருக்கும் வானத்தைக் கழித்துப் பார்க்கப் போகிறேன். ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.