அறுபத்தோரு மூச்சு

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. ஆறு ஜோடி லென்ஸ் தேய்த்தேன். ஒன்றில் கீறல் விழுந்தது, மறுபடி தேய்த்தேன். வீட்டுக்கு வந்து பாட்டைத் திறந்தேன்.

நாங்கள் மூன்று பேர். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இணையத்தில் ஒரு இலவசத் தளம், அதில் ஆளுக்கொரு பகுதியாக ஏற்றிப் பாட்டாக ஒட்டுகிறோம். கீபோர்டும் ஒலிக்கலவையும் நான். தாளம் டப்பா. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், பிளாஸ்டிக் டப்பாக்களில் வாசிப்பதால் அந்தப் பெயர். பாடுவது மாடிவீடு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் பெண். அவரைப் பற்றி வேறெதுவும் நான் விசாரித்ததில்லை. நல்ல குரல். ஆனால் வரிக்கு வரி மூச்சு வாங்குகிறது.

மார்ச் 5

மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். அறுபத்தொன்று. கண்ணாடியில் விரல் ரேகை இருந்தால் துடைக்காமல் யாருக்காவது கொடுத்திருக்கிறேனா, இதில் மட்டும் விட?

இலவச இடம் நிரம்பிவிட்டது என்று தளம் சிவப்பில் காட்டியது. மூச்சோடு இருந்த பழைய குரல் பதிவை அழித்தேன். இடம் கிடைத்தது.

மார்ச் 6

பாட்டு பளிச்சென்று இருக்கிறது. டப்பா எழுதினார்: “அண்ணா, சினிமா பாட்டு தோத்துது போங்க!” வெளியிட மூன்று பேரும் ‘சம்மதம்’ அழுத்த வேண்டும், தளத்தின் விதி. இரண்டு விழுந்துவிட்டது.

மார்ச் 9

மூன்றாவது விழவில்லை.

மார்ச் 11

மாடிவீடு எழுதியிருக்கிறார். “சார், என் மூச்செல்லாம் எங்க?”

சுத்தம் செய்ததை விளக்கினேன். நன்றி சொல்வார் என்றுதான் நினைத்தேன். வந்த பதில் இது: “நுரையீரல்ல ஆபரேஷன் ஆகி மூணாவது மாசம் பாடினது சார். நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச முடியாது அப்ப. ஒரு பாட்டு முழுசா பாடிட்டேனேன்னுதான் ஏத்தினேன். அந்த மூச்சோடதான் எனக்கு வேணும். பழசையே போட்டுடுங்க.”

பழசு.

அவர் நேராகத் தளத்திலேயே பாடிப் பதிவு செய்தவர். கையில் நகல் கிடையாது. “தளத்துல ஏதோ கோளாறு, பழசு காணாம போயிருக்கு” என்று எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வந்ததில்லை.

மார்ச் 14

டப்பா கொதிக்கிறார். “இலவசம்னா என்ன வேணா செய்யலாமாண்ணா? நான் விடப்போறதில்ல.” தளத்துக்குப் புகார் அனுப்பிவிட்டார். யார், எதை, எப்போது அழித்தார்கள் என்ற குறிப்பு அவர்களிடம் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

மனைவியிடம் சொன்னேன். சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “அழிச்சது நீங்க. பழி கம்ப்யூட்டர் மேலயா?”

மார்ச் 15

கடைக்குக் கிளம்புமுன் இருவருக்கும் எழுதினேன். நான்தான் அழித்தேன், கேட்காமல் அழித்தேன், பிறகு பொய்யும் சொன்னேன் என்று.

புகார் போகலைன்னா சொல்லியிருப்பேனா? தெரியலை. இல்லை, தெரியும். சொல்லியிருக்க மாட்டேன். சே.

டப்பாவிடமிருந்து “சரிண்ணா.” வழக்கமாகக் கூட வரும் சிரிப்பு முகங்கள் இல்லை.

மார்ச் 22

மாடிவீடு இன்னும் எதுவும் எழுதவில்லை. இன்று ஒரு லென்ஸைத் தேய்த்துத் தேய்த்தே உடைத்தேன்.

ஏப்ரல் 2

மாடிவீடு. “மறுபடி பாடிப் பார்த்தேன் சார். உடம்பு தேறிடுச்சு, அப்படி மூச்சு வாங்க மாட்டேங்குது. வேணும்னே வாங்கினா நடிக்கிற மாதிரி இருக்கு. அது போனது போனதுதான்.”

தேறினதுக்குச் சந்தோஷம்தான். நிஜமாவே சந்தோஷம். ஆனா அந்த மூணு மாசத்துக்கு அவங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதானே? அதை நான் அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சேனே. மன்னிச்சிடுங்கன்னு நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழிச்சேன். அழிக்கிறது மட்டும் எனக்கு நல்லா வருது.

ஐந்தாவது தடவை எழுதியதை அனுப்பினேன். படித்துவிட்டார் என்று காட்டுகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

புதுக் குரல் ஏறியிருக்கிறது. திறந்தால், மாடிவீடு எனக்கு ‘கேட்க மட்டும்’ அனுமதி வைத்திருக்கிறார். வெட்ட முடியாது, ஒட்ட முடியாது, அழிக்கவும் முடியாது. கலவைப் பொறுப்பு டப்பாவுக்கு. கலவையில் அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது.

கோபம் வரவில்லை. வர என்ன இருக்கிறது? ‘சம்மதம்’ அழுத்தினேன்.

மே 3, சனி

பாட்டு வெளியாகி மூன்று வாரம். டப்பா எதையும் தொடவில்லை. இரண்டாம் சரணத்தில் எங்கோ கதவு சாத்துகிறது, யாரோ தும்முகிறார்கள். நான் சேர்ந்த பாட்டுகளில் அதிகம் பேர் கேட்டது இதுதான். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே முழுதாகக் கேட்டாள்.

“நல்லா இருக்கே. உங்க வேலை இதுல என்ன?”

“கீபோர்டு. மத்தபடி நான் ஒண்ணும் பண்ணல.”

“அதான் பார்த்தேன்,” என்றாள்.

பிறகு போனை வாங்கிப் பாட்டுக்குக் கீழே இருந்ததைப் படித்தாள். மாடிவீடு ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘இதை இதுக்கு முன்னாடியும் ஒரு தடவை பாடினேன், அது இப்ப இல்லை.’ ஏன் இல்லை, யாரால் இல்லை என்று எழுதவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்து மீதித் துணியை மடித்தேன்.