முகம் திருப்பிய மாப்பிள்ளை

24 பிப்ரவரி 1942, செவ்வாய்

போன வருடத்து டயரியில்தான் எழுதுகிறேன், ஜப்பான்காரன் வந்தபிறகு வேறு தாள் கிடைக்கவில்லை. அச்சில் திங்கள் என்று இருக்கிறது. ஒரு நாள் பிசகு. இருக்கட்டும், எனக்குக் கண்ணே பிசகு.

இன்று கத்தரிக்கோல் கைவிட்டுப் போயிற்று. பதினொரு வருடம் நான் பிடித்த கத்தரி! புஷ்பவல்லி அக்கா நாலு கெஜம் சீட்டித் துணி கேட்டார். கெஜக்கோல் இரண்டாகத் தெரிந்தது. தப்பான கோலை நம்பி மூன்றே முக்கால் கெஜத்தில் வெட்டிவிட்டேன், அதுவும் கோணலாக. கடை அய்யூப் மச்சானுடையது. என் மனைவி நசீமாவின் அண்ணன். தங்கை புருஷனைத் திட்ட அவருக்கு வாய் வராது. கத்தரியை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

"கண்ணு சரியாவட்டும் மாப்ளே. அதுவரைக்கும் வாசல்ல நின்னு ஆளைக் கூப்பிடுங்க."

ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம் மனுஷன்.

26 பிப்ரவரி

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரஸ்ஸர் கிரிகரியைப் பார்த்தேன். நவம்பரில் என் இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தபோது வெள்ளைக்கார டாக்டர் பக்கத்தில் நின்றவர் அவர். டாக்டர் சிங்கப்பூர் போனவர்தான், தகவல் இல்லை. மூன்று வாரம் இரண்டு கண்ணும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் படுத்துக் கிடந்தேன். பார்வை வந்தது. ஒன்றுக்கு இரண்டாக வந்தது!

"உள்ள கழண்ட திரையைச் சூடு வெச்சு ஒட்டணும்னா, கண்ணை ஆட்டுற சதையை அவுத்துட்டுத்தான் ஆகணும்" என்றார் கிரிகரி. "அப்புறம் திரும்பத் தெச்சாரு. தெச்ச இடம் இழுக்குது. அதான் இடது கண்ணு மத்த கண்ணோட சேர்ந்து திரும்ப மாட்டேங்குது."

இது எனக்குப் புரிந்தது. இறுக்கித் தைத்த சட்டை கையைத் தூக்க விடாது. "துவைக்கத் துவைக்க இளகுமா?" என்று கேட்டேன்.

"இளகலாம். பொறுமையா இருங்க லா."

தினமும் ஒரு விளக்குக்கு நேரே கையை நீட்டி, இரண்டாகத் தெரியும் விளக்குகளுக்கு நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்து எழுதச் சொன்னார். இன்று நாலு விரல்.

28 பிப்ரவரி

வாசல் வேலை. தனியாக வந்த ஒரு அம்மாளை "அக்காவும் தங்கச்சியும் வாங்க" என்று அழைத்து இரண்டு முக்காலி போட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் தூரம் தெரிவதில்லை. தேநீரை நீட்டினாள் நசீமா. நான் காற்றைப் பிடித்தேன். கண்ணைத் திறந்தால் இரண்டு நசீமா. அதை அவளிடமே சொன்னேன்.

"ஒருத்தி சமைக்கிறதுலயே ஓயாம குறை சொல்றீங்க. ரெண்டு பேரு எதுக்கு?"

6 மார்ச், வெள்ளி

ஜும்ஆவில் இன்று ஒரு அதிசயம். பாவமும்தான். தொழுகை முடிகிற நேரத்தில் என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. இரண்டு கடிகாரம், இரண்டிலும் ஜப்பான்காரன் மாற்றி வைத்த டோக்கியோ நேரம். வலப்பக்கம் ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பினேன். கண் கடிகாரத்திலேயே இருந்தது. இரண்டும் இன்னும் விலகின. இடப்பக்கம் திருப்பினேன் — ஒன்று! ஒரே கடிகாரம்!

தொழுகையில் மணி பார்த்ததற்கு அல்லாஹ் மன்னிக்கட்டும். மருந்தையும் அங்கேதானே கொடுத்தான்!

10 மார்ச்

நாலு நாளாக முகத்தை இடப்பக்கம் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். உலகம் ஒன்றாக இருக்கிறது. கழுத்துதான் வலிக்கிறது. மச்சானிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறேன். நிச்சயமானபிறகு சொல்லலாம்.

14 மார்ச்

மச்சான் வீட்டுக்கு வந்தார். கையில் மூடிய சட்டி, அக்குளில் துணிப்பொட்டலம். பொட்டலத்தில் என் கத்தரி!

"மாப்ளே, மனசுல வெச்சுக்காதீங்க. நானும் பாக்குறேன், எங்கிட்ட பேசுறப்பவெல்லாம் முகத்தைத் திருப்பிக்கிறீங்க. வீட்டு மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டா கடை விளங்குமா? எம் பொண்டாட்டி ஜுபைதா முட்டைக்கோழியையே அறுத்துட்டா."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் சட்டியைத் திறந்தார். கறி பார்த்து எத்தனை நாள்! திறந்த வாய்க்குள் கறி போயிற்று.

"கிரிகரி மக ரோசலினுக்கு ஈஸ்டர் கழிச்சு கல்யாணம். கடையில கடைசியா இருக்குற வெள்ளை சாட்டினை நீங்கதான் வெட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

15 மார்ச்

தூக்கமே இல்லை. கோபத்துக்குப் பயந்து கொடுத்த கத்தரியை நான் எப்படிப் பிடிப்பது? பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் அலைந்தாலும் அப்படி ஒரு சாட்டின் இன்னொன்று கிடைக்காது. பிசகினால் அந்தப் பெண் எதை உடுத்துவாள்? அதுவும் என் கண்ணைப் பார்த்துக்கொண்ட மனிதரின் மகள்.

காலையில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மச்சான் கணக்குப் புத்தகத்தை மூடினார்.

"அப்ப அந்தக் கோழி?"

"நல்லா இருந்துச்சு மச்சான்."

சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கத்தரியைக் கேட்டு வாங்கி மேசைக்குள் வைத்தார். "மூணு வாரம் இருக்கு. வீட்டுக் கத்தரியால வாழை இலையில வெட்டிப் பழகுங்க. அதுல கோணல் மறைக்க முடியாது."

22 மார்ச்

உண்மைதான். இலையில் நரம்புகள் ஓடும் வரிசையே கோடு. அதை விட்டு விலகினால் அங்கேயே தெரிந்துவிடும். இன்று ஒன்பது இலை, ஆறு கோணல். கோணலையெல்லாம் பக்கத்து வீட்டு ஆடு தின்கிறது. என்னைக் கண்டாலே ஓடி வருகிறது.

2 ஏப்ரல்

பதினொரு இலை. ஆடு பட்டினி. மூன்று விரல்.

8 ஏப்ரல், புதன்

பன்னிரண்டு கெஜம் சாட்டின். மணப்பெண்ணுக்கு ஏழு, அவள் தங்கைக்கு ஐந்து. சாட்டினை மல் துணி மாதிரி நறுக்கிவிட்டுக் கிழிக்க முடியாது, கத்தரியே ஓட வேண்டும். ரோசலினும் கிரிகரியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். என் முகம் கதவுப் பக்கம், கண் துணியில்.

"அங்கிள், யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாள் ரோசலின்.

"இல்லம்மா. உன் துணியைத்தான் பாக்குறேன்" என்றேன். பிஸ்மில்லாஹ் சொல்லி வாயைத் திறந்த கத்தரி அந்தக் கரையில்தான் மூடியது. மச்சான் கெஜக்கோலை எடுத்துத் தானே அளந்தார். ஏழு. மறுபடி அளந்தார். கத்தரியைத் துடைத்து என் கையில் கொடுத்தார், மேசைப் பக்கமே போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில், அதில் மட்டும் ஒற்றுமை.

20 மே

இரண்டு விரல்.

3 ஜூலை

ஒன்றரை. கழுத்து வலிக்கு நசீமா நல்லெண்ணெய் தேய்க்கிறாள். குறை சொல்லவில்லை.

2 செப்டம்பர், புதன்

பல நாளாக விரல் வைத்துப் பார்க்கவில்லை, மறந்தே போய்விட்டது. காலையிலிருந்து கடையில் கூட்டம். வெட்டிக்கொண்டே இருந்தேன். பத்து மணி இருக்கும், அய்யூப் மச்சான் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"என்ன மாப்ளே, ஏதாச்சும் கோபமா? இன்னிக்கு நேரா பாக்குறீங்களே?"

கத்தரி கையில் அப்படியே நின்றது. கெஜக்கோலைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு கெஜக்கோல், ஒரு மச்சான்.

"ஆமா மச்சான், ரொம்பக் கோபம்" என்றேன்.

சாயங்காலம் கோழி வந்தது.