பின்பெட்டியில் பதினொரு போத்தல்கள்

போன வாரம்வரை, வெயிலில் நின்ற நம் காரின் கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடித்தது அந்த எலுமிச்சை வாசம்தான். உலகத்தில் எந்த எலுமிச்சையும் அப்படி மணக்காது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் சட்டைகளில்கூட இப்போது வெறும் அலமாரி வாசம்தான் மிச்சம். டேஷ்போர்டில் நீங்கள் தேய்த்துவிட்டுப் போன அந்த எலுமிச்சை மினுக்கு மருந்து மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குத் தும்மல் வந்தது.

இந்தக் கடிதம் உங்களைத் திட்டுவதற்குத்தான். உயிரோடு இருந்தபோது திட்டினால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவீர்கள். இப்போது அது முடியாதல்லவா? பேசாமல் கேளுங்கள்.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய மனிதர் நீங்கள். நாள் முழுக்க உப்புக் காற்றையும் தூசியையும் பார்த்துக்கொண்டே இருந்ததால் வீட்டுக்கு வந்ததும் ஏதாவது ஒன்று மின்னியாக வேண்டும் உங்களுக்கு. என் குக்கர் மின்ன வேண்டும் என்றோ ஜன்னல் மின்ன வேண்டும் என்றோ ஒருநாளும் நினைத்ததில்லை. காரின் டேஷ்போர்டு மட்டும் மின்ன வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு துணியும் ஒரு போத்தலுமாகக் கீழே இறங்கினால், இட்லி ஆறிப்போகும்வரை ஏறி வரமாட்டீர்கள். "காடின்னா மினுங்கணும். இல்லாட்டி அது லோரி," என்பீர்கள். கார் வாங்கிய புதிதில் ஓர் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மருந்து தீர்ந்துபோய்விட்டது. கடையும் மூடியாயிற்று. நீங்கள் என்ன செய்தீர்கள்? சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துப்போய் டேஷ்போர்டு முழுக்கத் தேய்த்தீர்கள். காலையில் சந்தனம், குங்குமம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அதன்மேல் ஏறின. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நம் ஊர் பாயான் லெப்பாசில் உள்ள எறும்பெல்லாம் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த நம் பிள்ளையாரைக் கும்பிட வரிசையில் நின்றது. தீபாவளிவரை அந்த வரிசை குறையவில்லை. என் புடவைக்குள் எறும்பு புகுந்து நான் துள்ளியபோது, "சாமி எண்ணெய்தானே, ஒண்ணும் பண்ணாது," என்றீர்கள்.

அதை மன்னித்துவிட்டேன். மன்னிக்காத ஒன்று வேறு இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால், நிபோங் திபாலில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பினாங்குப் பாலத்தின் நடுவில் வரும்போது மதிய வெயில் டேஷ்போர்டில் பட்டு, முன் கண்ணாடியில் எகிறி, நேராக என் கண்ணுக்குள் இறங்கியது. கூடவே அந்த வாசம். தலை சுற்றிக் குமட்டியது. "இந்தக் கருமத்த இனிமே பூசாதீங்க. என்னால இந்தப் பக்கம் ஒக்கார முடியல," என்றேன். நீங்கள் ரேடியோவின் திருகைத் திருப்பினீர்கள். அவ்வளவுதான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் போத்தலோடு கீழே இறங்கினீர்கள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரி, இந்த மனிதர் காதில் எதுவும் ஏறாது என்று, பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன். அதன்பிறகு கண் கூச்சம் தெரியவில்லை. கண்ணாடி நல்ல கண்ணாடி என்று நினைத்துக்கொண்டேன். உங்களைப் பற்றி என் அக்காவிடம், உங்கள் தங்கையிடம், கோயிலில் பூக்கட்டும் பெண்ணிடம்கூட, "அவர்கிட்ட பேசறதும் செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணு," என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது கதைக்கு வருகிறேன். அக்காவுக்கு முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தனியாகக் குளிக்க முடியவில்லை. வாரநாளில் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என் முறை. தலைக்கு ஊற்றிவிட்டு, சீவிப் பின்னி, சோறு பொங்கி வைத்துவிட்டு வரவேண்டும். நீங்கள் இருந்தவரை நீங்கள் கொண்டுபோய் விட்டீர்கள். லைசென்ஸ் என்னிடமும் இருந்தது. "பிரிட்ஜுல காடி ஓட்டறது ஒனக்கு எதுக்கு? நான் இருக்கேன்ல," என்பீர்கள். இருந்தீர்கள், சரி. பிறகு? நம் பையனுக்கு மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அவன் ஞாயிறு அவன் கையில் இல்லை. சில மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணே ஞாயிறும் பார்த்துக்கொண்டாள், பிறகு நானே ஓட்டினேன். நான்கு வாரம் மேகமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் நல்ல வெயில். அதே கறுப்புக் கண்ணாடிதான் போட்டிருந்தேன். பாலத்தின் மேட்டில் ஏறியதும் முன் கண்ணாடி முழுக்க டேஷ்போர்டுதான் தெரிந்தது. உங்கள் போத்தலின் பளபளப்பு, பிள்ளையாரின் நிழல், விபூதிப் பொட்டலம். ரோடு எங்கே என்றே தெரியவில்லை. முன்னால் லோரி நின்றுவிட்டது. அதன் சிவப்பு விளக்கை நான் பார்த்தபோது ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டிருந்தேன். எப்படி மிதித்தேனோ, இடையில் ஒரு கை அகலம் மிச்சம் வைத்துக் கார் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தபடியே இருந்தான். எனக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

பையனிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"போதும்மா. காடிய வித்துடலாம். பெரியம்மா வீட்டுக்குப் போகணும்னா போன்ல கூப்ட்டா வாடகைக் காடி வாசலுக்கே வருதுல்ல."

"வரும். நான் அக்காவக் குளிப்பாட்டி முடிக்கிற வரைக்கும் அங்கயே நிக்குமாடா? அந்த எஸ்டேட் ரோட்டுக்குத் திரும்பி வர எவன் வருவான்?"

"அதுக்காக நீங்களும் போய்ச் சேரணுமா? அப்பா போய் இன்னும் வருசம் திரும்பல."

அவனிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். அடுத்த ஞாயிறு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும், கண்ணாடியில் ரோடு தெரியவில்லை என்று அவன் சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஒரு டேஷ்போர்டைத் துடைக்க ஒரு வாரமா என்று நினைத்தேன். உங்கள் பெண்டாட்டிதானே, எனக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.

பின்பெட்டியைத் திறந்தேன். பதினொரு போத்தல்! ஸ்பிரே, ஜெல், மெழுகு, பால் மாதிரி ஒன்று, டயருக்குப் பூசுவது ஒன்று. அதையும் டேஷ்போர்டில் பூசியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெருமைதான்: பளபளப்பு, ஈரம்போல் மினுக்கு, வைரம்போல் மினுக்கு. அழுக்கை எடுப்பது என்று ஒன்றிலும் இல்லை. பதினொன்று வாங்கிய மனிதருக்குத் துடைக்கிற ஒன்று வாங்கத் தோன்றவில்லை. திங்கட்கிழமை பாத்திரம் கழுவும் சோப்பை ஸ்டியரிங் பக்கம் மட்டும் அப்படியே ஊற்றித் தேய்த்தேன். வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்ததுதான் மிச்சம். செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கை சொன்னாள் என்று குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாளால் அதே இடத்தைத் துடைத்தேன். அதில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று யார் கண்டது? பளபளப்பு இரண்டு மடங்கானது. நீங்கள் எங்கேயோ உட்கார்ந்து சிரித்திருப்பீர்கள்.

புதன்கிழமை டத்தோ கிராமாட் ரோட்டில் நீங்கள் வழக்கமாகப் போகும் கார்ச் சாமான் கடைக்குப் போனேன். தமிழ் பேசும் அந்தச் சீனக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உங்களுக்காக ஒரு நிமிடம் தலையைக் குனிந்தார். பிறகு நேராக அலமாரிக்குப் போய், "அங்கிள் வாங்கறது இதுதான் ஆன்ட்டி. கிலாட்! கண்ணாடி மாதிரி கிலாட்!" என்று மலாயில் பளபளப்பைப் புகழ்ந்து, பன்னிரண்டாவது போத்தலைக் கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கு கிலாட் வேணாம். மினுங்காம இருக்கணும்."

அவருக்குப் புரியவில்லை. வேறொன்றை எடுத்தார். "அப்ப இது. கொஞ்சம் கம்மி கிலாட்."

"கொஞ்சமும் வேணாம். சுத்தமா வேணாம். ரோடு தெரியணும் எனக்கு!"

நான் கத்தியே விட்டேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். உங்கள் சாவிக்கொத்து. அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், இப்போது ஓட்டுவது யார் என்று. அலமாரியின் அடித்தட்டில் குனிந்து, தூசி படிந்த ஒரு போத்தலை எடுத்து, சட்டையிலேயே துடைத்தார்.

"இத யாரும் வாங்க மாட்டாங்க ஆன்ட்டி. தண்ணியில கலந்தது. எண்ணெய் இல்ல, மினுக்கம் இல்ல. ஆனா வெயில் தாங்கும். மொதல்ல பழைய எண்ணெயெல்லாம் எடுக்கணும். வெதுவெதுன்னு தண்ணி, ரெண்டு சொட்டு சோப்பு, துணியப் பிழிஞ்சு துடைங்க. நெழல்ல வச்சு. மருந்த டேஷ்போர்டுல அடிக்காதீங்க, துணியில அடிங்க."

இவ்வளவையும் இத்தனை வருடமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு அவர் உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அங்கிள் கேக்க மாட்டாரு ஆன்ட்டி," என்றார். நானும் தலையாட்டினேன். அதைத்தானே நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் காரை நம் அடுக்குமாடியின் தூண் நிழலில் நிறுத்தி ஆரம்பித்தேன். வலது பக்கம், ஸ்டியரிங்குக்கு மேலே, துணியை வைத்ததும் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை இழுத்தால் துணி பழுப்பாக வந்தது. வருடக் கணக்கில் ஏறிய மினுக்கு, அதற்கடியில் தூசி, அதற்கடியில் மறுபடியும் மினுக்கு. நல்லெண்ணெயும் எங்கேயாவது இருந்திருக்கும். நான்கு துணி போயிற்று. உங்களைத் திட்டாத வார்த்தை இல்லை. பிள்ளையாரைச் சுற்றித் துடைத்துவிட்டு, ஐந்தாவது துணியோடு இடது பக்கம் வந்தேன். நான் உட்காரும் பக்கம்.

துணி ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். மறுபடி துடைத்தேன். எண்ணெய் இல்லை. மூக்கை வைத்து முகர்ந்தேன். எலுமிச்சையும் இல்லை. பிள்ளையார் இருக்கும் இடத்தில் கோடு போட்டதுபோல் மினுக்கு நின்றுவிட்டிருந்தது. அந்தப் பக்கம் உங்கள் பக்கம். இந்தப் பக்கம் வருடக் கணக்கில் எதுவும் படவே இல்லை. எதுவும் படாததால் வெயில் தின்று, மயிரிழை மயிரிழையாக வெடித்துக் கிடந்தது.

நான் அங்கேயே, என் பழைய இடத்தில், கதவைத் திறந்து போட்டபடி உட்கார்ந்துவிட்டேன்.

என் கண் கூச்சத்தைப் போக்கியது கறுப்புக் கண்ணாடி இல்லை. நீங்கள்தான். ரேடியோவைத் திருப்பிவிட்டு, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் போத்தலோடு இறங்கி, பாதி மட்டும் தேய்த்துவிட்டு ஏறி வந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? "ஒன் பக்கம் பூசல," என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆறு வருடம் நான் உங்களைச் சுவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பூக்கட்டும் பெண்ணிடம் போய் இப்போது நான் என்னவென்று சொல்வது? கேட்டதுதான் கேட்டீர்கள், அதையாவது ஒழுங்காகக் கேட்டீர்களா? மினுக்கு வேண்டாம் என்றால் வெயிலுக்குக் காப்பே வேண்டாம் என்றா அர்த்தம்? என்மேல் பாசம் வைத்து என் பக்கத்தைக் காயப்போட்டு வெடிக்கவிட்ட ஆள் இந்தப் பினாங்கில் நீங்கள் ஒருவர்தான். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

கடைக்காரர் கொடுத்த மருந்தைத் துணியில் அடித்து இரண்டு பக்கமும் பூசினேன். வெடித்தது ஒட்டாது. இனிமேல் பெருகாமல் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பையன் என் இடத்தில் உட்கார்ந்து வந்தான். நல்ல வெயில். பாலத்தின் மேட்டில் ஏறியபோது அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். பிறகு குனிந்து நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். ரோடு இருந்தது, லோரி இருந்தது, கடல் இருந்தது. டேஷ்போர்டு மட்டும் கரும்பலகை மாதிரி மங்கலாகக் கிடந்தது. உங்களுக்குப் பிடித்தே இருக்காது. பாலம் இறங்கிப் பெராய் வந்ததும் இருக்கையில் சாய்ந்துகொண்டான்.

"அடுத்த வாரம் எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?" என்றான்.

"எட்டு மணிக்கு."

சரி என்றான். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை. கொஞ்ச தூரம் போனபின் அவன் விரல் அந்த வெடிப்பின்மேல் ஓடியது. "இந்தப் பக்கம் மட்டும் ஏம்மா இப்படி ஆயிருக்கு?"

"பூச வேணாம்னு நான் சொன்னேன். ஒங்கப்பா கேட்டுட்டாரு."

"அப்பாவா? கேட்டாரா?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். கண் கலங்கியபோது வெயில் என்று சொல்ல வழியில்லை, கண் கூச்சம்தான் போய்விட்டதே.

பத்துப் போத்தல்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். பாதி தீர்ந்த ஒன்று மட்டும் இன்னும் பின்பெட்டியில் உருள்கிறது. திருப்பங்களில் அது இடிக்கும் சத்தம் முன்னால்வரை கேட்கிறது. எதற்கு அதை வைத்திருக்கிறேன் என்று பையன் கேட்டான். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.