பேஸ்மென்டுக்கு ஆள் தேவை

கிரான்,
மாசி 3

அன்புள்ள மகன் நிதுர்ஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாமாங்கேஸ்வரர் தயவில் நாங்கள் இருவரும் நடமாடுகிறோம், கனடாக் குளிரில் நீங்களும் சுகமாயிருக்க வேண்டும். வயல் வட்டையில் வேளாண்மை வெட்டு தொடங்கிவிட்டது, அப்பாவின் முழங்கால்தான் இன்னும் மாரியிலேயே நிற்கிறது. போன கிழமை நீ வீடியோவில் சொன்னது நெஞ்சை விட்டுப் போகவில்லை. போனை இடையில் வைத்துவிடுவாய் என்பதால் கடிதம் எழுதுகிறேன். இடிக்கப்போகும் மாடிக்கட்டடத்திலிருந்து வெளியேற்றப்படுகிற அந்தக் கறுப்பின ஆஸ்பத்திரித் தாதிக்கு, வீட்டின் கீழ்த்தளம், அந்த பேஸ்மென்ட், வாடகைக்கு இருக்கிறது என்று போனில் சொன்னாயாம், மகளோடு வந்து வாசலில் நின்றதும் இப்பதான் குடுத்திட்டம் என்றாயாம். அவங்களுக்குக் குடுத்தா வீட்டுட மதிப்பு இறங்கிரும் அம்மா, அயல் சனமும் ஒரு மாதிரிப் பாக்கும் என்று எனக்கு விளக்கமும் தந்தாய். மகன், உன் நிறத்தை நான் அறிவேன். கல்யாணத் தரகர் கந்தப்போடி உன்னை மாநிறம் என்று எழுதியது அவருடைய இரக்கம்.

தொண்ணூறில் ஊரைவிட்டு ஓடிக் கொழும்பில் அறை தேடியபோது நீ என் இடுப்பில் இருந்தாய். அப்பா சிங்களத்தில் போனில் கேட்டால் அறை இருக்கும், படலையில் என் பொட்டைக் கண்டதும் இராது. ஆறு படலை. ஏழாவதற்கு முன் அப்பா, பொட்ட அழிச்சிரு மங்கை, புள்ள நனையிறான் என்றார். அழித்தேன், அறை கிடைத்தது, இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அந்தத் தாதி எதை அழிப்பாள் மகன்?

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, ஆண் அங்கே போய்க் குடியிருப்பவன். உன் அப்பாவும் முப்பத்தெட்டு வருடமாய் என் வீட்டில் குடியிருக்கிறார், பெரிய முறைப்பாடு ஒன்றும் இல்லை. நீ இருக்கும் வீடும் கம்சாயினியின் தாய் வயலை விற்று மகளுக்குக் கொடுத்த சீதனம். ஒரு குடியிருப்பாளர் இன்னொருவரை விரட்டலாமா என்று வீட்டுக்காரியிடமே கேட்டேன். மருமகளுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. ஐயோ மாமி, நானே கூப்பிடுறன் என்றாள், கூப்பிட்டும் விட்டாள். பங்குனி முதலாந் திகதி தாயும் மகளும் வருகிறார்கள். உனக்குச் சொல்லியிருப்பாள், சொல்லாவிட்டால் இதுவே அறிவித்தல்.

அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுச் சாமான்களைத் தூக்கிக் கொடு. அந்தப் பிள்ளை உன் முகத்தை மறந்திருக்காது, ஆகவே பொய் சொன்னேன் என்பதை முதலில் சொல், பிறகு தேத்தண்ணி கொடு. பனியில் தலையை மூடிக்கொள். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். உன் வாசலில் எவரும் எதையும் அழித்துவிட்டு நிற்க வேண்டி வராதிருக்கட்டும்.

உன் அம்மா,
மங்கையற்கரசி